பருப்பு ஏன் வேகவில்லை? வகுப்பறையில் மாணவர் ஆய்வு நடத்தப் புறப்படும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள தமிழ் வழி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். மாணவர்களே கேள்வி கேட்டு, அவர்களே அளந்து, அவர்களே விடை எழுதும் ஆய்வு ஒன்றை நடத்த முதன்முதலாக முயன்ற ஆண்டில் என் கையில் இருந்தவை ஒரு சுற்றறிக்கையும் நிறைய உற்சாகமும்தான். தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன், அறிக்கையில் பாதியை நானே எழுதினேன், ஓண விடுமுறை முடிந்த பிறகே வேலையைத் தொடங்கினேன். கண்காட்சி மேசையில் நடுவர், "இந்தக் கேள்வி உனக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டபோது, ஐந்து நிமிடம் தடங்கலின்றி ஒப்பித்து முடித்திருந்த மாணவி பதில் தேடி என் முகத்தைப் பார்த்தாள். நடுவரும் என்னைப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு வேலையைப் பிரித்துக்கொண்டோம். கேள்வியும் அளவீடும் பிள்ளைகளுடையவை. தேதியும் கடிதமும் காசும் என்னுடையவை. இந்தப் பிரிவினையைக் காப்பாற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எங்கள் ஆய்வு தண்ணீரைப் பற்றியது என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். உங்கள் ஆய்வு பூச்சியைப் பற்றியதாக இருந்தாலும் காற்றைப் பற்றியதாக இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதுவே.

1. முதல் வேலை: தேதிகளைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உபஜில்லா சாஸ்த்ரமேளைக்கு, அதாவது துணை மாவட்ட அளவில் நடக்கும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, நிறைய நாள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் இல்லை. ஓணத் தேர்வு, அதைத் தொடர்ந்து பத்து நாள் விடுமுறை, அது முடிந்த சில வாரங்களில் மேளைக்குப் போகிறவர்களைப் பள்ளி அளவில் தெரிவு செய்வது, பிறகு உபஜில்லா மேளை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஓணம் ஆண்டுதோறும் இடம் மாறும் என்பதால், அந்த ஆண்டு ஓணம் எப்போது என்று பார்த்து, அதற்கு இரண்டு வாரம் முன்பாக ஒரு கோடு போடுங்கள். அளவீடுகள் அனைத்தும் அந்தக் கோட்டுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து பின்னோக்கி வந்தால் கணக்கு இப்படி அமையும்: அளவீட்டுக்கு நான்கு வாரம், அதற்கு முன் ஒத்திகைக்கு ஒரு வாரம், அனுமதிக் கடிதங்களுக்கு ஒரு வாரம், கேள்வியைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம். மொத்தம் எட்டு வாரம் என்றால், பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலேயே தொடங்கியாக வேண்டும். மழைக்காகக் கலெக்டர் விடுமுறை அறிவிக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றுக்கென்று தனியாக நான்கு நாள் ஒதுக்கிவையுங்கள். வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு மேல் இதற்குக் கிடைக்காது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். காலை பெல்லுக்கு முந்தைய அரை மணி நேரம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கைகொடுத்தது. மாலை நேரம் அவ்வளவாகப் பயன்படவில்லை, ஏனெனில் பஸ் நேரம் பார்த்துப் பிள்ளைகள் பறந்துவிடுவார்கள்.

2. எந்த மேடைக்கு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

ஒரே ஆய்வை எல்லா இடத்துக்கும் அனுப்பலாம் என்று நினைப்பது முதல் கண்ணி. சாஸ்த்ரமேளையில் 'ரிசர்ச் டைப் புராஜெக்ட்' என்ற பிரிவு உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கு உண்டு. இருவர் சேர்ந்து பங்கேற்கலாம். மாதிரிப் பொருள் செய்து வைக்கும் பிரிவுகளிலிருந்து இது வேறானது. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்கள் செல்லலாம். அங்கே மையக் கருப்பொருள் ஒன்றை அறிவித்திருப்பார்கள், உங்கள் கேள்வி அதற்குள் அடங்க வேண்டும், அன்றாடக் குறிப்பேட்டையும் கேட்பார்கள். மாணவர்களுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டம் இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. அது புதிய பொருளுக்கோ வழிமுறைக்கோ ஆன யோசனையைத் தேடுகிறது. தேர்வாகும் மாணவரின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வந்து சேரும். 'எங்கள் ஊர்த் தண்ணீரில் ஏன் இப்படி?' என்ற ஆய்வுக் கேள்வியை அங்கே அனுப்பிப் பயனில்லை. அந்த ஆய்விலிருந்து ஏதேனும் கருவி பிறந்தால் அதை அனுப்பலாம்.

இந்த விதிகளில் சில ஆண்டுதோறும் மாறுகின்றன. சென்ற ஆண்டுச் சுற்றறிக்கையை நம்பி நான்கு பேர் கொண்ட குழு அமைத்து, கடைசியில் இரண்டு பேரை விலக்க நேர்ந்தது எனக்கு நிகழ்ந்தது. விலக்கப்பட்ட பிள்ளைகளிடம் அதைச் சொல்லும் வேலை எவருக்கும் வரக் கூடாது. இப்போது வகுப்பு முழுவதும் ஆய்வில் பங்கேற்கும், மேடை ஏறுவது மட்டும் இருவர் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

3. கேள்வி வரும்வரை காத்திருங்கள்

இரண்டு வாரம் என்று மேலே எழுதியது இதற்காகத்தான். முதல் வாரம் வகுப்பில் ஒரு பழைய நோட்டைத் தொங்கவிட்டு, வீட்டில், தோட்டத்தில், வழியில் 'ஏன் இப்படி?' என்று தோன்றும் எதையும் எழுதச் சொன்னேன். முதல் மூன்று நாள் பாடப்புத்தகக் கேள்விகள்தான் வந்தன: வானம் ஏன் நீலம், எரிமலை ஏன் வெடிக்கிறது. நான்காம் நாள் ஒரு மாணவி தன் அம்மிச்சியை, அதாவது பாட்டியை, வைத்து எழுதியிருந்தாள்: "எங்க வீட்டு போர்த் தண்ணில பருப்பு வேகவே மாட்டேங்குது. அம்மிச்சி பைப்புத் தண்ணி வர்ற நாள்ல மட்டுந்தான் பருப்பு வைக்கும்." அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "எங்க வீட்லயும்" என்று மூன்று பேர்.

எங்கள் பகுதி கேரளத்தின் பிற இடங்களைவிட மழை குறைந்த நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் கரிசல் மண்ணும் ஆழ்துளைக் கிணறுகளும்தான். தண்ணீரைப் பற்றிய பேச்சு இல்லாத வீடே இல்லை. ஆனாலும் 'சித்தூர் தாலுக்காவின் நிலத்தடி நீர்ப் பிரச்சினை' என்று நான் வைத்திருக்கக்கூடிய தலைப்பைவிட அந்த அம்மிச்சியின் வழக்கம் எவ்வளவோ மேல். அவர் பல ஆண்டுகள் பார்த்துக் கண்டறிந்ததைப் பிள்ளைகள் அளந்து சரிபார்க்கலாம். சமையலறை அளவுக்குள் முடியும். விடை எப்படி வந்தாலும் அது விடைதான்.

வந்த கேள்விகளைச் சலிக்க நான்கு சோதனைகள் வைத்தோம். நம்மால் அளக்க முடியுமா? ஆறு வாரத்தில் முடியுமா? யாருக்கும் தீங்கோ தலைகுனிவோ வராமல் செய்ய முடியுமா? விடை இப்போதே நமக்குத் தெரியாமல் இருக்கிறதா? மூன்றாவது சோதனையை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகுந்தால் பல்லில் கறை ஏற்படுத்தும் ஃபுளோரைடு எங்கள் பகுதியில் சில கிணறுகளில் அதிகம் என்பது பலருக்கும் தெரியும் என்பதால், ஒரு குழு கீழ் வகுப்புப் பிள்ளைகளின் பல்லில் கறை எண்ணலாம் என்று ஆர்வமாக வந்தது. மறுத்துவிட்டேன். பல்லைக் காட்டச் சொல்லி ஒரு குழந்தையை வரிசையில் நிறுத்துவது பள்ளி ஆய்வின் எல்லைக்குள் வராது. உடல்நலம் சார்ந்த எதற்கும் மருத்துவரின் மேற்பார்வையும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும்.

4. கேள்வியை அளக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

'பருப்பு வேகவில்லை' என்பதை எப்படி அளப்பது? இந்த ஒரு கேள்வியில் இரண்டு பாடவேளை போனது. இந்த ஆண்டின் மிக நல்ல இரண்டு பாடவேளைகள் அவையே. விரலால் நசுக்கிப் பார்க்கலாம் என்றார்கள். யாருடைய விரல் என்று ஒருவன் கேட்டான். கடைசியில் அவர்களே வகுத்த முறை இது: வெந்த பருப்பிலிருந்து 20 பருப்புகளை எடுத்து, இரண்டு வழவழப்பான டைல் துண்டுகளுக்கிடையே ஒவ்வொன்றாக வைத்து, மேலே 500 கிராம் எடைக்கல்லைப் பத்து விநாடி நிறுத்தி, முழுதும் மசிந்தவை எத்தனை என்று எண்ணுவது. நசுக்குபவருக்கு எந்தக் கிண்ணம் எந்தத் தண்ணீர் என்று தெரியக் கூடாது. கிண்ணத்தின் அடியில் எழுத்து மட்டும் இருக்கும், விவரம் இன்னொருவரின் நோட்டில் இருக்கும்.

மாறாமல் வைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடச் சொன்னால் பிள்ளைகள் அடுப்பு, பாத்திரம், நேரம் என்று நிறுத்திக்கொள்வார்கள். விட்டுப்போகிறவைதான் முடிவைக் கெடுக்கும். பழைய பருப்பு புதுப் பருப்பைவிட மெதுவாக வேகும் என்பதால் ஒரே பாக்கெட்டைக் கடைசிவரை பயன்படுத்த வேண்டும். ஊறவைக்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். பிரஷர் குக்கர் வேண்டாம். அதன் வெப்பத்தில் வேறுபாடு தெரியாமல் போய்விடும். தண்ணீர் சுண்டினால் உப்புகளின் அடர்த்தி கூடும் என்பதால் மூடி போட வேண்டும், இடையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாங்கள் 50 கிராம் துவரம் பருப்பு, 400 மில்லி தண்ணீர், கொதி வந்த பின் 30 நிமிடம் என்று வைத்தோம். கேஸ் அடுப்பின் தீயை ஒரே அளவில் நிறுத்துவது கடினம். இண்டக்‌ஷன் அடுப்பு கிடைத்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் மூன்று முறை செய்யுங்கள். ஒருமுறை செய்ததை வைத்துக் கருத்துச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஒப்பீட்டுக்கு ஒரு 'வெறுந்தண்ணீர்' வேண்டும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் பேட்டரித் தண்ணீரில் உப்பு நீக்கப்பட்டிருக்கும், அதுவே போதும். அதில் வெந்ததை யாரும் சாப்பிடக் கூடாது என்பதை மட்டும் பாத்திரத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் சமையல் அக்கா ஒருமுறை ரசத்தில் சேர்க்கப் போய்விட்டார்.

இதுவரை சொன்னது, போர்த் தண்ணீரில் பருப்பு வேகத் தாமதமாகிறது என்பதைக் காட்டும். ஏன் என்பதைக் காட்டாது. காரணத்துக்கு இன்னொரு சோதனை தேவை. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்ற ஒட்டுப்பொருளோடு பிணைந்து அதை இறுக்குகின்றன என்பது அறியப்பட்ட விளக்கம். அப்படியானால் பேட்டரித் தண்ணீரில் ஆய்வகக் கால்சியம் குளோரைடை அளந்து கலந்தால் அந்தத் தண்ணீரிலும் பருப்பு வேகத் தாமதமாக வேண்டும் அல்லவா? பிள்ளைகள் இதைச் செய்து பார்த்து, அளவைக் கூட்டக் கூட்ட மசியும் பருப்புகள் குறைவதைக் கண்டபோதுதான் கருதுகோள் என்ற சொல் அவர்களுக்கு வசப்பட்டது. இந்தப் பருப்பும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

5. கடிதங்களும் ஒப்புதல்களும்

ஆய்வு தொடங்குமுன் ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பங்கேற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் ஒப்புதல், புகைப்படம் எடுப்பதற்கான ஒப்புதலும் அதிலேயே, தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு வீட்டாரின் கையொப்பம், பொதுக் குழாயிலிருந்தோ பஞ்சாயத்துக் கிணற்றிலிருந்தோ எடுப்பதாக இருந்தால் பஞ்சாயத்துச் செயலாளருக்குக் கடிதம். பெற்றோர் ஒப்புதலைத் தமிழில் எழுதுங்கள். முதல் ஆண்டு நான் மலையாளப் படிவத்தை அப்படியே கொடுத்தேன். கையொப்பம் வந்தது, ஆனால் எதற்குக் கையொப்பமிட்டோம் என்பது பாதிப் பெற்றோருக்குத் தெரியவில்லை. பஞ்சாயத்துக்குப் போகும் கடிதம் மலையாளத்தில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். இரண்டையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அச்சிட்டு வைப்பது என் இப்போதைய வழக்கம்.

வீட்டாரின் பெயரை அட்டவணையில் எழுதாதீர்கள். கி-1, கி-2 என்று எண் கொடுங்கள். எந்த எண் எந்த வீடு என்ற தாள் உங்கள் மேசையில் பூட்டி இருக்கட்டும். 'அவர்கள் வீட்டுத் தண்ணீர் கெட்டது' என்ற பேச்சு கிளம்பிவிட்டால், நிலம் விற்க நினைப்பவர் முதல் பெண் கேட்டு வருபவர்வரை பலரைப் பாதிக்கும்.

இந்த எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு கண்ணி பெயர். நம் பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்து முன்னால் வரும். கேரளப் பதிவேட்டில் அது பின்னால் போகும். ஆதாரில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் நான்காவது வடிவம் ஒன்று இருக்கும். உதவித்தொகையோ சான்றிதழோ வரும் எந்தப் போட்டியாக இருந்தாலும், பதிவு செய்வதற்கு ஒரு மாதம் முன்பே இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தம் தேவையென்றால் பெற்றோரை அக்ஷயா மையத்துக்கு (கேரளத்தின் அரசு இணையச் சேவை மையம்) அனுப்புங்கள். இது ஒரே நாளில் முடியும் வேலை இல்லை. சேமிப்புக் கணக்கு இயங்காமல் கிடந்தால் அதையும் உயிர்ப்பிக்க வேண்டும். தாமதமாகக் கவனித்ததால் பள்ளியொன்றில் ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்தே விழுந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

6. செலவு

எங்கள் ஆய்வு முழுவதற்கும் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர், மின்னணுச் சமையலறைத் தராசு, 100 மில்லி அளவு ஜாடிகள் இரண்டு, இரண்டு கிலோ பருப்பு, பேட்டரித் தண்ணீர், நோட்டு, மார்க்கர் ஆகியவைதான். தராசும் மீட்டரும் அடுத்த ஆண்டும் உதவும் என்பதால் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் அவற்றைப் பள்ளிச் சொத்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பிறகு கணக்குக் காட்டும்போது உங்கள் பர்ஸ்தான் திறக்கும்.

ஃபிளெக்ஸ் அச்சுக்குச் செலவழிப்பது வீண். முதல் ஆண்டு மொத்தச் செலவில் பாதி அதற்கே போனது. பிள்ளைகள் கையால் வரைந்த வரைபடத் தாளின் முன்னால்தான் நடுவர்கள் நின்று கேள்வி கேட்கிறார்கள்.

7. தண்ணீர் எடுப்பதும் சோதிப்பதும்

போர்க் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரைத்தான் அளப்பீர்கள். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்றுமுறை அலசுங்கள். பாட்டிலின் மேல் எண், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். பள்ளிக்கு வந்து எழுதலாம் என்று விட்டதால் ஒருமுறை எட்டு பாட்டிலையும் கொட்டிவிட்டு மறுபடியும் சைக்கிளில் போனார்கள். மூடியின் மேல் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். கிணற்றடிக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்பவே கூடாது. பெரியவர் ஒருவர் உடன் போக வேண்டும், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை அட்டவணையிலேயே சேர்க்கக் கூடாது.

கடினத்தன்மைக்கு எளிய சோதனை சோப்பு நுரை. சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, ஒரு நிமிடம் நிற்கும் நுரைக்கு எத்தனை சொட்டு என்று எண்ணலாம். இதற்கு உண்மையான சோப்பு வேண்டும். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கடின நீரிலும் நன்றாக நுரைக்கும் என்பதால் சோதனை பாழாகும். கட்டியின் உறையைப் படித்து வாங்குங்கள்.

கடினத்தன்மை எண்ணாகவே வேண்டுமென்றால் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலைக் கொண்டு தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) செய்ய வேண்டும். அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். கேரள அரசின் ஹரித கேரளம் மிஷன் வழியாகச் சில மேல்நிலைப் பள்ளிகளில் தண்ணீர்ப் பரிசோதனைக்கென்றே ஆய்வகம் அமைத்திருக்கிறார்கள். 50 மில்லி தண்ணீரில் அம்மோனியா பஃபரும் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியும் சேர்த்து, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலை விட்டால், திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் இடமே முடிவுப் புள்ளி. செலவான மில்லி லிட்டரை 20-ஆல் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான கடினத்தன்மை என்று கிடைக்கும். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டுக்காக ஆறு தலைகள் குடுவையின் மேல் குனிந்திருந்தன. பஃபரின் நெடி மூக்கைத் தாக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அதை நீங்களே ஊற்றுங்கள்.

டி.டி.எஸ். மீட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. அது மின்கடத்துதிறனை அளந்து கரைந்த உப்பின் மொத்த அளவை மதிப்பிட்டுச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது, ஃபுளோரைடோ கிருமியோ இருப்பதையும் அது காட்டாது. எங்கள் கி-6 கிணற்றில் மீட்டர் 1,180 காட்டியது. அதில்தான் பருப்பு மிக மெதுவாக வேகும் என்று எல்லோரும் முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். ஆனால் சோப்பு நன்றாக நுரைத்தது, பருப்பும் ஒழுங்காக வெந்தது. அளவீட்டில் பிழை என்று அதை அடித்துவிட ஒரு மாணவன் கேட்டான், மறுபடி மூன்றுமுறை செய்யச் சொன்னேன், அதே விடை. தரம்பார்த்தலில் கடினத்தன்மை குறைவாகவே வந்த பிறகுதான், அந்தக் கிணற்றின் உப்பில் சோடியத்தின் பங்கு பெரிதாக இருக்கலாம் என்று பிள்ளைகள் ஊகித்தார்கள். அறிக்கையின் மிகச் சிறந்த பக்கம் அந்தக் கி-6 பற்றியதுதான். ஒத்துவராத எண்ணை அழிக்கவிட்டிருந்தால் அந்தப் பக்கம் இருந்திருக்காது.

ஒப்பிட ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தைப் பயன்படுத்துங்கள். மொத்தக் கரைந்த திண்மங்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமும், மொத்தக் கடினத்தன்மைக்கு 200-உம், ஃபுளோரைடுக்கு 1-உம் ஏற்கத்தக்க வரம்பு. வேறு நீராதாரம் இல்லாதபோது முறையே 2,000, 600, 1.5 வரை அனுமதிக்கிறார்கள். இரண்டு வரம்புகளையும் எழுதுங்கள். முதலாவதை மட்டும் எழுதிவிட்டு 'ஊரே நஞ்சைக் குடிக்கிறது' என்று தலைப்பிட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபுளோரைடு பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

8. குறிப்பேடு

பென்சிலில் எழுதக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, தவற்றை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். மூன்றே விதிகள். 'அழகான நோட்டு' ஒன்றைத் தனியாகத் தயாரிக்க வேண்டாம். பருப்பு நீர் தெறித்த நோட்டையே மேசையில் வையுங்கள். ஆய்வு முடிந்தபின் ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதப்பட்ட நாட்குறிப்பை நடுவர்கள் இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

9. அறிக்கையும் அதன் மொழியும்

மூன்று முறையின் சராசரியோடு, மூன்றில் மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் எது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக் கணினியிலுள்ள லிப்ரே ஆபீஸ் கால்க் இதற்குப் போதும். ஜூலையில் எடுத்த தண்ணீர் ஜூலையின் தண்ணீர். மழை கலந்திருக்கும், ஏப்ரலில் அதே கிணறு வேறு எண்ணைக் காட்டலாம். 'எங்கள் ஊர்த் தண்ணீர்' என்று தொடங்கும் எல்லா வாக்கியங்களையும் 'ஜூலை மாதத்தில் நாங்கள் எடுத்த ஒன்பது மாதிரிகளில்' என்று மாற்றினோம். அறிக்கை சிறுத்தது, ஆனால் எந்த வாக்கியத்தையும் யாரும் அசைக்க முடியாததாயிற்று.

தமிழ் வழி மாணவர்களுக்கு மொழி ஒரு தனி வேலை. அறிக்கையைத் தமிழில் எழுதட்டும். சிந்தித்த மொழியில் எழுதினால்தான் கேள்விக்கு விடை சொல்ல வரும். ஆனால் நடுவர் மலையாளம் மட்டும் அறிந்தவராக இருக்கக்கூடும். ஆகவே ஒரு பக்கச் சுருக்கத்தை மலையாளத்தில் சேர்த்து, சொற்பட்டியல் ஒன்றும் வையுங்கள்: நம் கருதுகோள் அங்கே பரிகல்பனா, ஆழ்துளைக் கிணறு குழல்கிணறு, கடினத்தன்மை காடின்யம், முடிவு நிகமனம். சுருக்கத்தை மலையாள ஆசிரியரிடம் திருத்தித் தரக் கேட்கலாம்; எழுதித் தரக் கேட்கக் கூடாது. தமிழ் தெரிந்த நடுவர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டும் பாருங்கள். எனக்கு ஒருமுறை கிடைத்தார், ஒருமுறை கிடைக்கவில்லை.

10. மேசையின் முன்னால்

ஒப்பிக்கும் உரை எழுதித் தராதீர்கள். அதற்குப் பதில் மற்ற வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் கேட்கும் கேள்வியைச் சமாளித்தவருக்கு நடுவர் பெரிதில்லை. "தெரியாது, அதை நாங்கள் அளக்கவில்லை" என்ற வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லப் பழக்குங்கள். நீங்கள் மேசையிலிருந்து பத்தடி தள்ளி, பிள்ளைகளின் பார்வையில் படாத இடத்தில் நில்லுங்கள். இரண்டாம் ஆண்டு அதே கேள்வி வந்தது, எப்படித் தோன்றியது என்று. அந்த மாணவி, "எங்க அம்மிச்சி பருப்பு வைக்கிற நாளைப் பாத்துத்தான் சார்" என்று தமிழிலேயே தொடங்கிவிட்டாள். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

11. மேளை முடிந்த மறுவாரம்

தண்ணீர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய எண்ணை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதிப் பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்புங்கள்; இது பள்ளி மாணவர் செய்த அளவீடு, ஆய்வகச் சான்று இல்லை என்ற வரியும் அதில் இருக்கட்டும். வரம்பைத் தாண்டிய கிணறு இருந்தால் அந்த வீட்டாரிடம் நீங்களே நேரில் பேசி, ஆய்வகத்தில் சோதிக்கும் வழியைச் சொல்லுங்கள். பில்கள், ஒப்புதல் தாள்கள், குறிப்பேடு ஆகிய மூன்றையும் ஒரே கவரில் போட்டு, ஆண்டை எழுதி அலமாரியில் வையுங்கள். எங்கள் கவரின் மேல் கி-6 வீட்டுக்காரரின் வேண்டுகோள் ஒன்றும் பின் குத்தியிருக்கிறது: ஏப்ரலில் வந்து இன்னொருமுறை அளக்க வேண்டுமாம். ஏப்ரலில் பள்ளி விடுமுறை என்பதால், சைக்கிள் இருக்கும் இரண்டு பேரிடம் மார்ச் மாதமே ஒப்புதல் தாள் வாங்கிவைக்க வேண்டும்.